படுக்கையறைக்கு லைற் பொயின்ற் 1: எஸ்டிமேற் போடுகிறவர்களுக்கு ஒரு வயரிங்காரனின் திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டுத்திட்டங்களுக்குப் படம் கீறும் பொறியியலாளர்களுக்கும், எஸ்டிமேற் போடும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் போடும் எஸ்டிமேற்றில் மின்சார வேலைக்கென்று ஒரு பகுதி வரும். அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் வரும். அதில் படுக்கையறை என்று எழுதிய வரிக்கு நேரே, லைற் பொயின்ற் 1 என்று இருக்கும். 22 வருடமாக அந்த 1 ஐப் பார்த்துத்தான் நான் வயர் இழுத்து வருகிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில், வெல்லாவெளியில், ஆற்றுக்கு அங்கால் ஆரையம்பதியில், காத்தான்குடியில், கீழே மருதமுனை வரைக்கும். எத்தனை வீடு என்று கணக்கு வைத்ததில்லை. அந்த 1 போதாது என்பது எனக்கு விளங்கியது என் அம்மா விழுந்த பிறகுதான். அதனால்தான் இந்த மடல்.

அம்மா இருப்பது திட்டத்தில் கிடைத்த வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. வயரிங் நானேதான் செய்தேன். அறை நடுவில் ஒரு பல்ப், கதவடியில் நாலரை அடி உயரத்தில் சுவிச், எல்லாம் படத்தில் இருந்தபடி. கட்டில் போடக்கூடிய இடம் கதவுக்கு எதிர்ச்சுவரோடு. கட்டிலில் இருந்து சுவிச்சுக்கு ஒன்பது அடி. இது பிறகு அளந்து பார்த்த கணக்கு. வயர் இழுக்கிற அன்றைக்கு அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு அப்போது வயது 74. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. சாமத்தில் இரண்டு மூன்று தரம் எழும்ப வேண்டியிருக்கும். கக்கூசு வெளியில், குசினிக் கதவால் இரண்டு படி இறங்கி, பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் வரும். அதே அறையில் என் கடைசி மகள், பள்ளிக்கூடப் பிள்ளை, பாய் போட்டுப் படுப்பாள். லைற்றைப் போட்டால் பிள்ளை எழும்பிவிடும் என்று அம்மா போடுவதில்லை. எனக்குச் சொல்லியும் இருக்கிறா. "அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணுக்க குத்துது மனே. போட்டா மறுகா விடியுமட்டும் நித்திரை வருகுதில்ல." நான் என்ன சொன்னேன்? "12 வாட் பல்ப் போட்டிருக்கன், எல்லாம் நல்லாத் தெரியும்தானே" என்றேன். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் சொன்னா. இரண்டு தரமும் அதே பதில்தான் சொன்னேன்.

ஒரு சாமம் குசினிப் படியில் கால் வைத்த இடம் பிழைத்து விழுந்தா. இடுப்பு எலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சை, வாட்டில் கிடந்த நாட்கள், பிறகு வீட்டில் வோக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியது, அதையெல்லாம் இங்கே விரிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி விழுந்திருப்பார். விழுந்து சாகிறவர்கள் உலகத்தில் வருடத்துக்கு 684,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் ஆகக் கூடுதலானவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள்.

நான் எழுத வந்தது விழுந்ததைப் பற்றி மட்டும் இல்லை. விழுந்ததற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது.

நடக்க ஏலாமல் போனதும் அம்மா பகல் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தா. அந்த அறைக்கு ஒரே ஒரு யன்னல். வெயிலுக்கும் தூசுக்கும் நாங்கள் அதையும் சேலைத் துணியால் மறைத்திருந்தோம். பகல் பதினொரு மணிக்கும் அங்கே பொழுதுபட்ட மாதிரித்தான் இருக்கும். அம்மா பகலில் கண்ணயர்ந்து கண்ணயர்ந்து எழும்பினா. பின்னேரம் ஐந்தரை ஆறு மணியானால் ஒரு பதட்டம் வரும். "என்ன வீட்ட கொண்டு விடுங்க, பொழுது பட்டுட்டு" என்று கட்டிலில் இருந்து இறங்கப் பார்ப்பா. தன் வீட்டில், தன் கட்டிலில் இருந்துகொண்டு. நாங்கள் பயந்துபோய் எல்லா லைற்றையும் போடுவோம். வெள்ளை வெளிச்சத்தில் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். அம்மா இரவு இரண்டு மணிவரை கொட்டக் கொட்ட முழித்திருப்பா.

என் மூத்த மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள்தான் ஒரு நாள் சொன்னாள்: "அப்பா, பெத்தாவுக்கு நாம இரவைப் பகலாக்கி, பகலை இரவாக்கி வச்சிருக்கம்." பிறகு அவள் ஆங்கிலத்தில் தேடித்தேடி வாசித்ததை எனக்குத் தமிழில் சொன்னாள். நான் விளங்கிக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். ஆனாலும் இது உங்கள் எஸ்டிமேற்றுக்குள் இதுவரை வரவில்லை.

கண் என்பது பார்ப்பதற்கு மட்டுமான உறுப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குள் இன்னொரு வகைக் கலங்களும் இருக்கின்றன. உருவத்தைக் காட்டுவது அவற்றின் வேலை இல்லை. வெளியில் பகலா இரவா என்று மூளையில் உள்ள கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதுதான். 2002 இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேர்சனும் அவரோடு இருந்தவர்களும் இந்தக் கலங்கள் தாமாகவே வெளிச்சத்தை உணர்கின்றன என்று காட்டினார்கள். இவற்றுக்கு நீல நிறம் கலந்த வெளிச்சம்தான் கூடுதலாகப் பிடிபடும். காலை வானத்தின் வெளிச்சம் அப்படிப்பட்டது. நான் அம்மாவின் அறையில் மாட்டிய, பெட்டியில் 6500 கெல்வின் என்றும் டேலைற் என்றும் போட்டிருந்த பல்ப்பின் வெளிச்சமும் அப்படிப்பட்டதுதான். நடுச்சாமம் இரண்டு மணிக்கு அதைப் போட்டால், அம்மாவின் உடம்புக்கு விடிந்துவிட்டது என்று செய்தி போகிறது. மறுகா நித்திரை வருகுதில்லை என்று அவ சொன்னது வெறும் முறைப்பாடு இல்லை. உடம்பு அறிந்து சொன்னது.

வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சளாகிறது, கண்மணி சுருங்குகிறது. 20 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. அப்படியென்றால் எங்களுக்குப் போதுமான பகல் வெளிச்சம் அவர்களுக்குப் போதாது. அதே நேரம், மங்கிய கண்வில்லை வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், கவர் இல்லாமல் தொங்கும் பல்ப் அவர்களுக்குக் கூடுதலாகக் கூசும். இருட்டுக்குக் கண் பழகவும் அவர்களுக்கு நேரம் எடுக்கும். கக்கூசு லைற்றை நூர்த்துவிட்டுத் திரும்பி வருகிற கிழவிக்கு அந்தப் பத்து எட்டும் குருட்டு நடைதான். கூடுதல் வெளிச்சமும் வேண்டும், குறைந்த வெளிச்சமும் வேண்டும். பகலுக்கு ஒன்று, சாமத்துக்கு ஒன்று. ஒரு பல்ப்பும் ஒரு சுவிச்சும் இதை எப்படிச் செய்யும்?

2022 இல் இந்தத் துறை விஞ்ஞானிகள் பலர் கூடி ஒரு பரிந்துரை எழுதியிருக்கிறார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். பகலில் கண் இருக்கிற இடத்தில் குறைந்தது 250 லக்ஸ், படுக்கப் போவதற்கு முந்திய மூன்று மணித்தியாலமும் 10 க்கு மேல் போகக்கூடாது, நித்திரை கொள்ளும் நேரம் 1 க்கு மேல் போகக்கூடாது. (அது சாதாரண லக்ஸ் கணக்கு இல்லை. உடற்கடிகாரம் உணர்கிற விதத்துக்கு ஏற்ப நீலத்துக்குக் கூடுதல் நிறை வைத்து அளப்பது. பகல் வெளிச்சத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்.) மகளின் போனில் வெளிச்சம் அளக்கிற செயலி ஒன்றைப் போட்டு நாங்களும் அளந்தோம். போன் காட்டுவது குத்துமதிப்புத்தான். அம்மாவின் கட்டிலில், பகல் பதினொரு மணிக்கு, 40. அதே நேரம் ஹோல் வாசலில் 2,000 க்கு மேல். முத்தத்தில் மாமர நிழலில் 10,000 ஐத் தொட்டது. பதினைந்து எட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம். கடவுள் சும்மா அள்ளிக் கொட்டுகிற வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித்தான் அந்த அறையைக் கட்டியிருக்கிறோம்.

வெளிச்சத்தால் உண்மையில் சுகம் கிடைக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2008 இல் வந்தது. சில இல்லங்களில் பகல் வெளிச்சத்தை 1,000 லக்ஸ் அளவுக்கு உயர்த்தினார்கள், மற்றவற்றில் இல்லை. சிலரை மூன்றரை வருடம் வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். வெளிச்சம் கூடிய இல்லங்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் 19 வீதம் குறைவாக இருந்தன. அறிவுத் தளர்ச்சியில் வந்த வித்தியாசம் சின்னது, 5 வீதம். மறதி நோயை வெளிச்சம் மாற்றும் என்று நான் சொல்லவில்லை, யாரும் சொல்லக்கூடாது. ஆனால் சீலிங்கில் கூட இரண்டு லைற் மாட்டியதற்குக் கிடைத்த பலன் இது என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் இதற்கு லைற்றும் தேவையில்லை. வருடத்தின் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லாத மண் இது. மார்கழி மழை மூடிக்கிடக்கும் நாட்களை விட்டால் காலை வெளிச்சத்துக்குப் பஞ்சம் கிடையாது. பொழுது எழுகிற பக்கத்தை எழுவான்கரை என்றும், படுகிற பக்கத்தைப் படுவான்கரை என்றும் பெயர் வைத்து வாழ்ந்த ஆட்கள் நாங்கள். பழைய வீடுகளில் கிழக்கே பார்த்த திண்ணையில்தான் பெத்தாமார் விடியப்புறம் வெத்திலை உரலோடு இருப்பார்கள். தேத்தண்ணி வரும், தெருவில் போகிற வருகிற ஆட்களோடு கதை நடக்கும், ஏழெட்டு மணிவரை அந்த வெளிச்சம் முகத்தில் படும். அது மருந்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. செலவைக் குறைக்க நீங்கள் படத்தில் முதலில் வெட்டுவது அந்த விறாந்தையைத்தான். கதவைத் திறந்தால் நேரே முத்தம். வோக்கரில் நடக்கிறவர் உட்கார அங்கே இடம் எது?

இரவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வந்தது பிந்தித்தான். போர்க்காலம் முழுக்க அரிக்கன் லாம்பும் குப்பி விளக்கும்தான். சாப்பிடும்போது திரியை ஏற்றுவோம், படுக்கும்போது இறக்குவோம். சாமத்தில் தரையோடு ஒரு செம்மஞ்சள் பொட்டு மாதிரி அது எரிந்துகொண்டிருக்கும். யார் கண்ணையும் குத்தாது. ஆனால் கால் வைக்கிற இடம் தெரியும். நேரத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் புதுத் தொழில்நுட்பம் என்று இன்றைக்கு வெளிநாட்டில் விற்கிறார்கள். எங்கள் அம்மாமார் அதைத் திரி திருகிச் செய்தார்கள். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குப்பி விளக்குச் சரிந்து வெந்துபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் கொடுமையைப் பொறுக்காமல்தான் எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கட்டையான, சரியாத, பாதுகாப்பான குப்பி விளக்கைச் செய்து கொடுத்தார். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. கரண்ட் வந்தது நல்லது. அதோடு திரியைக் கூட்டிக் குறைக்கும் வசதி போய்விட்டது. சுவிச்சில் உள்ளது போடு, நூர், இரண்டுதான்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1996 இல் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, பிறகு அதே வருடம் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது, 2006 இல்தான் பழையபடி ஆனது. அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கம் பழைய நேரத்திலேயே இருந்தது. ஆற்றைக் கடந்து பட்டணம் போனால் புது நேரம், திரும்பினால் பழைய நேரம். அம்மா அந்த நாளிலும் கடிகாரம் பார்த்து எழும்பியதில்லை. கோழி கூவி, கிழக்கு வெளுத்தால் எழும்புவா. அந்த உடம்பைத்தான் நாங்கள் இருட்டறையில் போட்டு, சாமத்தில் வெள்ளை வெளிச்சம் காட்டிக் குழப்பியிருக்கிறோம்.

இனி, அம்மாவின் வீட்டில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பிழைத்துப்போனதையும் சேர்த்து.

முதல் செய்தது காசு செலவில்லாத வேலை. யன்னல் துணியைக் கழற்றினேன். கட்டிலைத் திருப்பி, தலைமாடு சுவரோடும் முகம் யன்னலுக்கும் வருகிற மாதிரிப் போட்டேன். காலையில் ஆறரைக்கு அம்மாவை வெளியே கொண்டுவந்து மாமரத்தடிக் கதிரையில் இருத்துவோம், எட்டு மணிவரை. மழை நாட்களில் ஹோல் வாசலில். கூரை ஓடு போட்ட வீடு என்பதால் அறைக்கு மேலே இரண்டு ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓடு போட்டேன். சீற் போட்ட வீடென்றால் ஒளி புகும் சீற் ஒன்றைப் போடலாம். ஆனால் அது கட்டிலுக்கு நேர் மேலே வரக்கூடாது, உச்சி வெயில் தலையில் இறங்கும். நான் முதலில் அந்தப் பிழையைச் செய்து, ஓடுகளை மூன்று அடி தள்ளிப் போட்டேன்.

நடுப் பல்ப்பைக் கழற்றிவிட்டு மூன்று நிறம் மாறுகிற பல்ப் போட்டேன். சுவிச்சை ஒரு தரம் நூர்த்துப் போட்டால் வெள்ளை மஞ்சளாகும், கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பொழுதுபட்டால் மஞ்சள்தான். ஃபான் ரெகுலேற்றர் மாதிரித் திருகுகிற டிமர் போட்டும் பார்த்தேன். சாதாரண எல்இடி பல்ப்பை அதில் மாட்டினால் துடிக்கும், அம்மாவுக்குத் தலை சுற்றியது. டிமருக்கென்றே செய்த பல்ப் வாங்கினால்தான் சரிவரும். அதற்கு நான் பட்டணம் போக வேண்டும், பல்ப் போனால் அம்மாவின் வீட்டில் யார் போவது? அதனால் அதை விட்டேன்.

வெளியில் கக்கூசு வழிக்கு, ஆள் அசைந்தால் பத்துகிற சென்சர் லைற் ஒன்று பூட்டினேன். பிளட் லைற் மாதிரி. முதல் நாளே அம்மா படியில் கால் வைக்க, அது முகத்தில் பளீரென்று அடித்து, அவ கண்ணை மூடிக்கொண்டு வோக்கரை இறுகப் பிடித்தபடி நின்றுவிட்டா. இன்னொரு தரம் விழுந்திருப்பா. உடனே கழற்றினேன். பூனை போனாலும் பத்தும், எலி போனாலும் பத்தும் என்பது வேறு. இப்போது அந்த வழியில் முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி மூடி வைத்த இரண்டு மஞ்சள் லைற், இரவு முழுக்க எரியும். அறைக்குள் கட்டிலடியில் அரை வாட் செம்மஞ்சள் லைற் ஒன்று. அரை வாட் லைற் பன்னிரண்டு மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 0.18 யூனிற். ஒரு யூனிற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. என் அனுபவத்தில் வயது போன ஆட்களின் அறைக்குள் சென்சர் வேண்டாம். மெல்லியதாக எப்போதும் எரிவதுதான் நல்லது. எழும்பும் முன்பே அவர்களுக்குத் தரை தெரிய வேண்டும்.

கட்டிலில் கை எட்டுகிற உயரத்தில் இன்னொரு சுவிச், கதவடிச் சுவிச்சோடு சேர்த்து டூவே, ஒரே லைற்றை இரண்டு இடத்தில் இருந்தும் போடலாம், நூர்க்கலாம். வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுவிச் அம்மாவுக்குத் தெரிவதில்லை. சுற்றிவரக் கடும் நீலத்தில் ஒரு சட்டம் பூசினேன். படி விளிம்புகளில் மூன்று விரல் அகலத்துக்கு மஞ்சள்.

கனடாவில் இருக்கிற என் தம்பி, போன் மூலம் இயக்குகிற பல்ப் நான்கு அனுப்பியிருந்தான். காலையில் தானாக வெள்ளையாகி, பின்னேரம் தானாக மஞ்சளாகி, இரவு மங்கும். பூட்டிய முதல் இரண்டு கிழமை அதிசயம்தான். பிறகு அம்மா வழக்கம்போலச் சுவரில் சுவிச்சை நூர்த்துவிடுவா, பல்ப்புக்கு உயிரே போய்விடும், எந்த நேரக் கணக்கும் வேலை செய்யாது. ஒரு சாமம் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது நான்கும் முழு வெள்ளையில் பத்தி வீட்டையே எழுப்பிவிட்டன. கரண்ட் வந்தால் எந்த நிலையில் பத்த வேண்டும் என்று போனில் மாற்றி வைக்கலாம் என்று மகள் பிறகு கண்டுபிடித்தாள். வைஃபை உள்ள, பிள்ளைகள் கூட இருக்கிற வீட்டுக்கு அது நல்ல சாமான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தனியே இருக்கிற ஒரு கிழவிக்கு, 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்டில், சுவரில் பதித்த இரண்டாவது வயர்தான் நம்பிக்கை.

இவ்வளவுக்கும் செலவு, என் கூலியைச் சேர்த்தாலும், கண்ணாடி ஓட்டை விட்டுப் பார்த்தால், மூன்று மூட்டைச் சீமெந்தின் விலைக்குள். சுவர் பூசிய பிறகு வெட்டிச் செய்ததால்தான் அவ்வளவு. கட்டும்போதே பைப் பதித்திருந்தால் அதிலும் குறைவு.

அம்மா சுகமாகிவிட்டா என்று எழுத எனக்கு ஆசைதான். பின்னேரத் தடுமாற்றம் இன்னும் சில நாட்களில் வருகிறது. ஆனால் ஒரு மாதத்துக்குள் பகல் நித்திரை குறைந்தது. சாமத்தில் எழும்பினாலும் போய்விட்டு வந்து படுத்து உறங்குகிறா. மாமரத்தடியில் இருக்கும்போது கீரை ஆய்ந்து தருகிறா. விழுந்த பிறகு தொடாத வெத்திலை உரலைத் தானாகக் கேட்டு வாங்கினா.

இதற்குப் பிறகு போகிற வீடுகளில் நான் வயது போன ஆட்களிடம் கேட்கத் தொடங்கினேன். காத்தான்குடியில் ஒரு மூத்தம்மா, சுபஹுக்கு முன்னம் எழும்பி, ஈரத் தரையில் நடந்து, குழாயடியில் வுழூ எடுக்கப் போகிறவ. வெள்ளை ரைல்ஸில் மேலே இருந்து வெளிச்சம் பட்டு மின்னும்போது தண்ணீர் எங்கே நிற்கிறதென்று தெரிவதில்லை என்றா. மருதமுனையில் கைத்தறி நெய்து கண் தேய்ந்த ஒரு பெரியவர் வேறு மாதிரிச் சொன்னார். "மகன், எல்லாரும் மங்கல் லைற்றத் தாறாங்க. எனக்குக் குர்ஆன் ஓத வெளிச்சம் காணாது." அவர் சொன்னது சரி. வயது போன ஆள் என்றால் மஞ்சள் மங்கல் என்று நான் ஒரேயடியாகச் செய்யத் தொடங்கியிருந்தேன். வாசிக்கிற, தைக்கிற, அரிசி பார்க்கிற இடத்துக்கு, தோளுக்குப் பின்னால் இருந்து விழுகிற மாதிரி, நல்ல வெளிச்சம் வேண்டும். அவருக்கு ஒரு மேசை லைற்றுக்குச் சோக்கற் வைத்துக் கொடுத்தேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த திட்டத்தின் எஸ்டிமேற்றில், ஒரு படுக்கையறைக்காவது இரண்டாவது லைற் பொயின்ற் ஒன்றை, தாழ்வாக, இரவுக்கென்று எழுதுங்கள். அந்த அறைக்குக் கட்டிலடியில் டூவே சுவிச் எழுதுங்கள். எந்தச் சுவரில் கட்டில் வரும் என்று படத்திலேயே கீறுங்கள், அப்போது எங்களுக்கு எங்கே வெட்டுவது என்று தெரியும். சுவிச்சின் உயரத்தை நாலரையில் இருந்து மூன்றரை அடிக்கு இறக்குங்கள், கதிரையில் இருக்கிறவருக்கும் எட்டும். யன்னலும் விறாந்தையும் கிழக்கில் வர இடமிருந்தால் அப்படித் திருப்புங்கள்.

தாழ்வான பொயின்ற் என்றதும் ஒரு எச்சரிக்கை. வேறு ஊர்ப் படங்களில் தரையில் இருந்து ஒரு அடி என்று இருக்கும். அதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். 2011 தை மாத வெள்ளத்தில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறுகிற கிராமங்களில் இரண்டரை அடியில் வைத்து, வெளிச்சம் கீழே விழுகிற மூடி போட வேண்டும். அந்த வயருக்குத் தனி பிரேக்கரும், வீட்டுக்குக் கட்டாயம், கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற ரிப் சுவிச்சும் இருக்க வேண்டும். இதை எழுத்தில் நீங்கள் போட்டால்தான் நாங்கள் செய்வோம். பொயின்ற் கணக்கில் கூலி வாங்குகிற தொழில் எங்களுடையது. தாளில் இல்லாத பொயின்றை யாரும் சும்மா போட மாட்டார்கள். நானும் போட்டதில்லை.

எங்கள் நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். இப்போது அதைவிடக் கூட. பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பார்க்கத்தான் நினைக்கிறோம். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் கட்டாரிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். அம்மா சாமத்தில் எழும்பும்போது அவவோடு கூட இருப்பது நீங்கள் படத்தில் கீறிய வீடு மட்டும்தான்.

வீட்டுத்திட்டம் ஒன்று அடுத்து வரும்போது, எங்கள் பிரதேசத்தில் எந்தக் கிராமம் என்றாலும், ஒரு வீட்டை இந்த முறையில் நான் கூலி இல்லாமல் வயரிங் செய்து தருகிறேன். சாமானுக்கான காசை மட்டும் எஸ்டிமேற்றில் சேருங்கள். வயது போன ஒருவர் இருக்கிற வீடாகப் பார்த்துத் தாருங்கள். அதற்கு முதல் பார்க்க வேண்டும் என்றால் அம்மாவின் வீட்டுக்கு வாருங்கள். பகலில் வந்தால் தெரியாது. இரவு பத்து மணிக்குப் பிறகு வந்து, பெரிய லைற்றை நூர்த்துவிட்டு, கட்டிலில் இருந்து எழும்பி, குசினியால் இறங்கி, கக்கூசுவரை ஒருதரம் நடந்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடவுங்கள், அம்மா அப்படித்தான் போறவ.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் ஒருவன்,
மண்முனை தென்மேற்கு, மட்டக்களப்பு